அனார்குல் சொன்னது இதுவல்ல

மாலைச் செய்திக்கு நடுவே விளம்பரம் ஓடத் தொடங்கியபோது அனார்குல் தலையை நிமிர்த்தவில்லை. மற்றவர்களுக்கு அது தேநீர் நேரம், அவளுக்குக் கை ஓயாத நேரம். பிஷ்கெக்கின் அந்தத் தனியார் தொலைக்காட்சியில் திரையின் அடியில் ஓடும் ஒற்றை வரிச் செய்தி முழுக்க அவள் பொறுப்பு. எந்தக் கணவாய் பனியால் மூடப்பட்டது, எந்தத் தெருவில் தண்ணீர் வராது, யார் எங்கே வென்றார்கள் எல்லாம் அவள் விரல் வழியாகத்தான் ஊருக்குள் போகும். விசைப்பலகையைப் பார்க்கவே மாட்டாள். காதில் கேட்பதும் கையில் அடிப்பதும் ஒன்றாக நடக்கும்.

அன்றைக்கு அவள் காதில் விழுந்தது அவளுடைய குரல்.

"இப்படி ஒண்ணை நான் என் வாழ்நாள்ல பாத்ததே இல்ல!"

கை அப்படியே நின்றது. எதிரே சுவரில் இருந்த பெரிய திரையில் அவள் முகம். நீலச் சால்வை, ஒரு பக்கமாகச் சாய்ந்த தலை, வாய் நிறையச் சிரிப்பு. பின்னாலேயே ஏதோ துள்ளலான இசை. வண்ண வண்ணக் கட்டங்கள் பறந்து வந்து அவள் தலையைச் சுற்றி நின்றன.

"இதை விட்டு வெளிய வரவே முடியல!" என்றது அந்த முகம். இன்னொரு முறை கட்டங்கள் பறந்தன. "வீட்ல ஆளுக்கு ஒண்ணு வாங்கி வைக்கணும்!"

கடைசியில் 'வெர்டா' என்று பெரிய எழுத்து. தொட்டால் போதும், உலகம் உங்கள் விரல் நுனியில் என்றது ஓர் ஆண் குரல். கீழே விற்பனையாளரின் பெயர்: ஜெதிதால் கம்ப்யூட்டர்.

ஒலிப் பலகையின் முன் உட்கார்ந்திருந்த வெனேரா முதலில் வாயைப் பிளந்தாள், பிறகு கைதட்டினாள்.

"அடியே அனார்குல்! சொல்லவே இல்லையே! நடிகை ஆயிட்டே! எவ்வளவு குடுத்தாங்க?"

"குடை" என்றாள் அனார்குல். அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. "ஒரு குடை குடுத்தாங்க."

குடை கொடுத்தது போன மாதம். ஜெதிதால் கம்ப்யூட்டர் ஆட்கள் ஒரு ஓட்டல் கூடத்தை வாடகைக்கு எடுத்து, வெர்டா என்ற புது இயங்குதளம் போட்ட கம்ப்யூட்டர் கடைக்கு வருமுன் சாதாரண ஜனங்கள் அதைத் தொட்டுப் பார்த்து முதல் அபிப்பிராயம் சொல்ல வேண்டும் என்று அழைத்திருந்தார்கள். தொலைக்காட்சியின் மேலாளர் சமுதின்தான் அவளை அனுப்பினார். "நம்ம ஆபீசுக்கும் அதைத்தான் வாங்கப் போறோம். நீதான் நாள் முழுக்கத் தட்டுறவ. போய் நல்லா பாத்துட்டு வா" என்றார்.

அனார்குல் மகிழ்ச்சியோடுதான் போனாள். பதினேழு வருஷமாகக் கம்ப்யூட்டரில் வேலை செய்கிறாள். இத்தனை வருஷத்தில் எந்தப் பொருளைப் பற்றியும் யாரும் அவளிடம் வந்து, உனக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டதில்லை. வாங்கி வைப்பார்கள், அவள் பழகிக்கொள்வாள். கேட்கிறார்களே என்பதே அவளுக்குப் பெரிதாக இருந்தது. நீலச் சால்வையைக்கூட அதற்காகத்தான் எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

கூடத்தில் சூடான சம்சா, தேநீர், வரிசையாக நிமிர்த்தி வைத்த தொடுதிரைகள். எர்மெக் என்ற இளைஞன் அவளை ஒரு திரை முன்னால் உட்கார வைத்தான். ஜெதிதாலின் விளம்பரப் பொறுப்பாளன் அவன். உடம்பைப் பிடிக்கிற கோட்டு, கூர்முனை ஷூ, தேன் ஒழுகும் பேச்சு.

"பயப்படாதீங்க அக்கா, தொடுங்க. மனசுல பட்டதை அப்படியே சொல்லுங்க. திட்டினாலும் சரி, எங்களுக்கு அதுதான் வேணும். பதிவு பண்ணிக்கலாமா?"

அவள் தலையாட்டினாள். காமிரா ஓடியது.

முதல் சிக்கல் தொடக்கத்திலேயே வந்தது. இத்தனை காலம் இடது மூலையில் இருந்த, எல்லா வேலையும் தொடங்கும் அந்தப் பொத்தான் இல்லை. தேடினாள். திரை முழுக்கக் கட்டங்கள், பஜாரில் கடை விரித்த மாதிரி. ஒன்றைத் தொட்டால் வானிலை. இன்னொன்றைத் தொட்டால் யாரோ வெளிநாட்டுக்காரர்களின் படம். எழுதுகிற இடத்தை ஒரு வழியாகக் கண்டுபிடித்து அடிக்கத் தொடங்கினால், திரையில் முளைத்த விசைப்பலகையில் கிர்கீஸ் மொழிக்கென்றே உள்ள மூன்று எழுத்துகளையும் காணோம். ரஷ்ய எழுத்துகள் மட்டும்தான். 'இன்றைய நாள்' என்று எழுதப் பார்த்தாள். அந்த ஓர் எழுத்து இல்லாததால் நாள் என்ற சொல், கொலைக்கு வாங்கும் ஈட்டுப் பணம் என்ற வேறு சொல்லாகி நின்றது. அதையாவது திருத்தலாம் என்று போனால் விரல் ஓரத்தில் பட்டு, எழுதியது மறைந்து, திரை முழுக்க மறுபடியும் வானிலை. அதை மூட ஒரு பெருக்கல் குறிகூடக் கிடையாது.

அவள் பொறுமையாகச் சொன்னாள். ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவளுக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"தம்பி, படிக்கட்டுல நின்னுக்கிட்டு விரலால போட்டோ பாக்கிறவங்களுக்கு இது சரியா இருக்கும். மேசை முன்னால உக்காந்து நாள் முழுக்க எழுதுறவ நான். கையைத் தூக்கித் தூக்கித் தோள்பட்டை விட்டுப்போச்சு. ஒண்ணைத் திறந்துட்டா எப்படி மூடுறதுன்னே தெரியல, இதை விட்டு வெளிய வரவே முடியல! எழுதுற கருவியில எழுத்தே இல்ல. எத்தனையோ மோசமான மெஷினைப் பாத்திருக்கேன், இப்படி ஒண்ணை நான் என் வாழ்நாள்ல பாத்ததே இல்ல! இதைச் செஞ்சவங்க இருக்காங்களே, அவங்க வீட்ல ஆளுக்கு ஒண்ணு வாங்கி வைக்கணும். அப்பதான் எங்க பாடு என்னன்னு புரியும்."

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. எர்மெக்கும் சிரித்தான். "அருமை அக்கா, அருமை. இதுதான் எங்களுக்கு வேணும்" என்று குடையை நீட்டினான். திருத்துவார்கள் என்று நினைத்துக்கொண்டு அவள் வீட்டுக்கு வந்தாள்.

இப்போது அந்தச் சிரிப்புதான் சுவரில் தெரிந்தது.

வீட்டுக் கதவைத் திறக்கும்போதே கணவன் தாலாய் அவள் தோளைப் பிடித்து உலுக்கினான். தாலாய் மின்பேருந்து ஓட்டுபவன்.

"பாத்தேன், பாத்தேன்! கீழ் வீட்டுக்காரன், எதிர் வீட்டுக்காரன் எல்லாம் வந்து சொல்லிட்டுப் போறான். டிப்போவுல நாளைக்கு எனக்குத்தான் ராஜ மரியாதை!"

"நான் அப்படிச் சொல்லல தாலாய்."

"வாய் அசையுதே உனக்கு?"

"வாய் என்னோடதுதான். பேச்சு என்னோடது இல்ல. முன்னாடியும் பின்னாடியும் வெட்டிட்டாங்க."

"வெட்டினா வெட்டட்டும். அழகாத்தானே தெரியிற?"

அவள் சால்வையைக் கழற்றிச் சுருட்டி நாற்காலியில் எறிந்தாள். "என்னைப் பைத்தியக்காரியா ஆக்கி வெச்சிருக்கான், நீ அழகா இருக்கேங்கிற! நாலு சுவத்துக்குள்ள ஒருத்தருக்குச் சொன்ன உண்மையைப் பொய்யாக்கி ஊர் பூராம் விக்கிறான். என் மூஞ்சியை வெச்சு விக்கிறான். உனக்கு உறைக்கலையா?"

தாலாய்க்கு உறைக்கவில்லை. அவன் தேநீரில் எண்ணெயில் பொரித்த போர்சோக் துண்டைத் தோய்த்துத் தின்றபடி, "நாலு நாளைக்கு ஓடும், அப்புறம் எவன் ஞாபகம் வெச்சுக்கப் போறான்" என்றான்.

நாலு நாளில் போகவில்லை. நாளுக்கு நாள் அதிகமானது. சந்தையில் தக்காளி விற்பவள், "என்னக்கா, இன்னும் வெளிய வர முடியலையா?" என்று கண்ணடித்தாள். ஆண்டுக்கணக்கில் பேசாத பெரியப்பா மகன் போன் போட்டு, உன் பேரைச் சொன்னால் விலையில் தள்ளுபடி உண்டா என்று விசாரித்தான். பேருந்து நிறுத்தத்தில் அவள் முகம் ஆள் உயரத்துக்கு நின்றது. யாரோ பேனாவால் மீசை வரைந்திருந்தார்கள். வரைந்தவன் மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை நாத்தனார் ரக்கியா போன் செய்தாள். தாலாயின் அக்கா. நகரத்தின் ஓரத்தில் ஆர்ச்சா பெஷிக்கில் தனியாக இருக்கிறாள். ஒரே மகள் பெர்மெத் மாஸ்கோவில் புருஷனோடு வேலை பார்க்கிறாள், நிறைமாதம்.

"அடி அனார்குல், வாங்கிட்டேன்! நீ சொன்னியே, அதையேதான் வாங்கினேன். பெர்மெத்தை முகம் பாத்துப் பேசலாம்ல? கடைக்காரன் எல்லாம் போட்டுக் குடுத்துட்டான். உன் நாத்தனார்னு சொன்னேன், நாற்காலி போட்டு உக்கார வெச்சான்!"

"அண்ணி..." என்று தொடங்கினாள் அனார்குல். ரக்கியாவின் குரலில் அவ்வளவு பூரிப்பு. பல வருஷமாகச் சேர்த்துச் சேர்த்து வாங்கிய பொருள். "அண்ணி, அதைத் திருப்பிக் குடுத்துட்டு வேற வாங்கிக்கலாமா?"

"ஏன்டி? நல்லா இருக்குன்னு ஊருக்கெல்லாம் சொல்லிட்டு, நான் வாங்கினா மட்டும் உனக்குப் பொறுக்கலையா?" ரக்கியா பட்டென்று போனை வைத்தாள்.

அன்று மதியமே அனார்குல் ஜெதிதால் அலுவலகத்துக்குப் போனாள். வாசலிலேயே அவளை அடையாளம் கண்டு பெண்கள் இருவர் கையசைத்தார்கள். எர்மெக் எழுந்து வந்து வரவேற்றான்.

"வாங்க அக்கா, நம்ம நட்சத்திரமே வந்துட்டாங்க! தேநீரா, காப்பியா?"

"அந்த விளம்பரத்தை நிறுத்து."

"உக்காருங்க அக்கா."

"உக்காரல. நிறுத்து. நான் சொன்னது ஒண்ணு, நீ காட்டுறது ஒண்ணு."

"ஒவ்வொரு வார்த்தையும் உங்க வார்த்தைதான் அக்கா. நாங்க ஒரு எழுத்துகூடச் சேக்கல."

"சேக்கல. திருடின. நான் நாப்பது வார்த்தை சொன்னா அதுல நாலை உருவிக்கிட்ட."

எர்மெக் சிரிப்பை விடவில்லை. "விளம்பரம்னா அரை நிமிஷம் அக்கா. எல்லாத்தையும் போட இடம் இருக்காது. பதிவு பண்ணிக்கலாமான்னு கேட்டேன், நீங்க தலையாட்டினீங்க. அதுவும் பதிவுல இருக்கு. வேணும்னா காட்டட்டுமா?"

"தலையாட்டினேன். நீ திட்டினாலும் சரின்னு சொன்ன, அதை நம்பித் தலையாட்டினேன். அது பதிவுல இருக்கா?"

எர்மெக் மேசைக்கு அடியிலிருந்து ஒரு பளபளப்பான அட்டைப் பெட்டியை எடுத்து வைத்தான். "உங்களுக்காகவே தனியா ஒண்ணு எடுத்து வெச்சிருக்கோம். புதுசு. கொண்டு போங்க. பழகப் பழகச் சரியாயிடும் அக்கா. ஆரம்பத்துல எல்லாரும் இப்படித்தான் சொல்வாங்க."

அந்தப் பெட்டியைத் தூக்கி அவன் தலையில் போட வேண்டும் போலிருந்தது. "எல்லாரும் இப்படித்தான் சொன்னாங்களா? அப்போ நல்லா இருக்குன்னு அந்தக் கூடத்துல ஒருத்தர்கூடச் சொல்லல, அப்படித்தானே?" என்று கேட்டுவிட்டு அவன் முகம் வெளுப்பதைப் பார்த்தபடியே வெளியே வந்தாள். தெருவில் கரிப்புகை மூட்டமாக இறங்கியிருந்தது. அதனூடே நடந்தே ஸ்டூடியோவுக்குத் திரும்பி, நேராகச் சமுதினின் அறைக்குப் போனாள்.

சமுதின் அவள் பேச்சை முழுதாகக் கேட்டார். நல்ல மனிதர்தான், ஆனால் நல்ல மனிதராக இருப்பதற்குச் செலவாகாத நேரங்களில் மட்டும்.

"உனக்கு வருத்தமா இருக்கும், எனக்குப் புரியுதும்மா. ஆனா அவங்க வருஷம் முழுக்க நம்ம சேனல்ல விளம்பரம் எடுத்திருக்காங்க. ஸ்டூடியோவுக்குப் புது மெஷின் எல்லாம் அவங்கதான் தர்றாங்க, அடுத்த வாரம் உன் மேசைக்கும் வந்துடும். இந்த நேரத்துல கிளறாத."

"என்னை அனுப்பினது நீங்க. போய்ப் பாத்து உண்மையைச் சொல்லுன்னு அனுப்பினது நீங்க."

"பாத்துட்டு வான்னுதான் சொன்னேன்."

"பாத்துட்டு வந்து உங்ககிட்டயும் சொன்னேனே! அதுல எழுத்தே இல்லைன்னு சொன்னேனே! அப்பவே முடிவு பண்ணிட்டீங்களா?"

சமுதின் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதுதான் பதில். அப்படியானால் அவளை அந்தக் கூடத்துக்கு அனுப்பியதே ஒப்புக்குத்தான். எர்மெக் கேட்டதும் ஒப்புக்கு, சமுதின் கேட்டதும் ஒப்புக்கு. இரண்டு பேருக்கும் அவள் வாய்தான் வேண்டியிருந்தது, சொல் வேண்டியிருக்கவில்லை. இதை நினைத்தபோது வந்த ஆத்திரம் முதல் நாள் வந்த ஆத்திரத்தைவிடப் பெரியது. முதல் நாள் பதறியது. இப்போது கல் மாதிரி நெஞ்சுக்குள் உட்கார்ந்துகொண்டது.

திங்கட்கிழமை காலை கதவு இடிபட்டது. ரக்கியா நின்றாள். தலைத்துணி கலைந்திருந்தது. தாலாய் வேலைக்குப் போயிருந்தான்.

"எங்க அந்த நடிகை? வெளிய வாடி!"

"அண்ணி, என்ன ஆச்சு? உள்ள வாங்க."

"உள்ள வரமாட்டேன். இங்கயே கேளு. நேத்து பெர்மெத் கூப்பிட்டா. மணி அடிக்குது, அடிக்குது. அவ மூஞ்சி ஒரு மூலையில சின்னதா தெரியுது. தொட்டேன். போயிடுச்சு! வானிலை வந்து நிக்குது! பிஷ்கெக்கில் மேகமூட்டம்னு சொல்லுது! எனக்கெதுக்குடி மேகமூட்டம்? ஜன்னலைத் திறந்தா தெரியாதா? அதைத் தள்ளினா எவனோ மலை ஏறுற படம். மணி மட்டும் அடிக்குது. மறுபடி கூப்பிட்டா. மறுபடி அடிக்குது. நான் அந்தக் கண்ணாடியைத் தொடாத இடமில்ல. கடைசியில குத்தினேன், முஷ்டியாலே குத்தினேன்!"

"போன்ல கூப்பிட்டிருக்கலாமே அண்ணி..."

"கூப்பிட்டேன்! நர்ஸ் எடுத்தா. உள்ள கொண்டு போயாச்சுன்னுட்டா. வயித்தைக் கிழிக்கப் போறாங்க, அதுக்கு முன்னாடி அம்மா முகத்தை ஒரு தடவை பாத்துக்கிறேன்னு கூப்பிட்டிருக்கா என் பொண்ணு. தனியா, அந்த ஊர்ல." ரக்கியாவின் குரல் அங்கே உடைந்தது. உடனே அதைச் சேர்த்துக் கட்டிக்கொண்டு மேலும் உரக்கக் கத்தினாள். "தாயும் பிள்ளையும் நல்லா இருக்காங்க, அது வேற கதை. அவ கூப்பிட்டப்போ நான் இல்லடி! நீ சொன்னேன்னு வாங்கினேன். உன் சிரிப்பை நம்பி வாங்கினேன்!"

படிக்கட்டில் பக்கத்து வீட்டுக் கதவுகள் திறந்து மூடின. அனார்குல் எல்லாவற்றையும் சொன்னாள்: கூடம், காமிரா, வெட்டியது, எர்மெக், சமுதின். ரக்கியா கேட்டாள். கேட்டு முடித்துவிட்டு, சத்தம் குறைந்த குரலில் சொன்னாள்: "இதை என்கிட்ட வெள்ளிக்கிழமையே சொல்லியிருக்கலாம்ல? ஊருக்குத் தெரியாது சரி. எனக்குமா?"

இறங்கிப் போய்விட்டாள்.

அனார்குல் சுவரில் சாய்ந்து நின்றாள். அவள் சொல்லத்தான் தொடங்கினாள், ரக்கியாதான் போனை வைத்தாள். ஆனால் திரும்பவும் போட்டிருக்கலாம். போடவில்லை. இப்போது அந்தப் பழியும் அவள் தலையில். எர்மெக் தேநீர் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

அன்று மாலைச் செய்தியில் அவள் வழக்கம்போல அடித்துக்கொண்டிருந்தாள். கணவாய், தண்ணீர், மல்யுத்தப் போட்டி. விளம்பர நேரம் வந்தது. முதலில் மாவு விளம்பரம், பிறகு அந்தத் துள்ளல் இசை.

அவள் முன்கூட்டித் திட்டமிட்டாள் என்று பிறகு பலர் சொன்னார்கள். அப்படி எதுவும் இல்லை. இசை கேட்டது, விரல்கள் ஓடின. அவ்வளவுதான். சுவரில் அவள் முகம் சிரித்துக்கொண்டிருக்க, அந்த முகத்துக்கு அடியிலேயே வரி ஓடத் தொடங்கியது.

'இந்த விளம்பரத்தில் சிரிப்பவள் நான்தான். என் பெயர் அனார்குல். இந்த வரியை அடிப்பவளும் நான்தான். நான் சொன்னது இதுவல்ல. இது எழுதுகிறவர்களுக்கு ஆகாது, இதில் நம் எழுத்துகள் இல்லை, திறந்ததை மூட முடியவில்லை என்று சொன்னேன். வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். என் முகத்தை நம்பி வாங்காதீர்கள். வாங்கியவர்கள் என்னை மன்னியுங்கள்.'

வெனேராதான் முதலில் பார்த்தாள். அவள் கைக்கு எட்டும் தூரத்தில் அந்த வரியை அணைக்கும் பொத்தான் இருந்தது. கையை அதன் மேல் கொண்டுபோனாள். அனார்குலைப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள்.

"எனக்குத் தொண்டை காயுது" என்றாள். "தேநீர் ஊத்திட்டு வரேன்." எழுந்து போய்விட்டாள்.

வரி மூன்று முறை சுற்றியது. நான்காவது சுற்றில் சமுதின் ஓடி வந்து கம்பியையே பிடுங்கினார். அதற்குள் வரவேற்பறையில் எல்லா போன்களும் ஒன்றாக அலறத் தொடங்கியிருந்தன.

"என்ன காரியம் செஞ்சிருக்க! என் தலைல கொள்ளி வெச்சிட்டியே! என்ன நினைச்சுட்டிருக்க உன் மனசுல? இது உன் அப்பன் வீட்டுச் சுவரா, கண்டதையும் கிறுக்க?"

"கண்டதைக் கிறுக்கல. சரிபாத்துத்தான் அடிச்சேன். ஒரு எழுத்துப் பிழை இருந்தா காட்டுங்க."

"வெளிய போ! நாளைக்கு வராத. என்னைக்குமே வராத!"

"வரமாட்டேன்" என்றாள் அவள். கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டாள். மேசையில் இருந்த தன் கோப்பையைக் கழுவிப் பையில் வைத்துக்கொண்டாள். அழுக்குக் கோப்பையோடு வெளியேற அவளுக்கு மனமில்லை.

வீட்டில் தாலாய் அணைத்த தொலைக்காட்சியின் முன்னால் உட்கார்ந்திருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்தான். அவன் கத்துவான் என்று எதிர்பார்த்து, பதிலுக்குக் கத்தத் தயாராகத்தான் அவள் வந்திருந்தாள்.

"முதல் சுத்துல பாதிதான் படிச்சேன்" என்றான். "இன்னும் கொஞ்சம் மெதுவா ஓட விட்டிருக்கலாம்."

"வேலை போச்சு."

"தெரியுது." அவள் பையை வாங்கி மேசையில் வைத்தான். "மன்னியுங்கன்னு ஏன் போட்ட? நீ ஏன் மன்னிப்புக் கேக்கணும்? அதான் எனக்குப் பிடிக்கல."

அன்றைக்குத்தான் அவனுக்கு உறைத்தது.

விளம்பரம் அடுத்த நாளே எல்லாச் சேனல்களிலும் நின்றது. வழக்குப் போடுவோம் என்று ஜெதிதாலிலிருந்து ஒருவர் போனில் மிரட்டினார். போடுங்கள், நீதிபதி முன்னால் முழுப் பதிவையும் போட்டுக் காட்டுங்கள் என்று அவள் சொன்ன பிறகு மறுபடி போன் வரவில்லை. பேருந்து நிறுத்தத்திலிருந்து அவள் முகத்தைக் கிழித்தார்கள். பாதிதான் கிழிந்தது, மீசை மட்டும் கொஞ்ச நாள் ஒட்டிக்கொண்டிருந்தது. சமுதின் அவளைத் திரும்பக் கூப்பிடவில்லை. அவள் இடத்தில் யாரோ வந்தார்கள், புது மெஷினும் வந்தது. வரி ஓடிக்கொண்டுதான் இருந்தது, அந்த மூன்று எழுத்துகள் இல்லாமல். ஊரில் யாரும் அதற்காகக் கலவரம் செய்யவில்லை. அதைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்குப் பல்லை நறநறவென்று கடிக்கத் தோன்றும். குறும்படங்களுக்கு வசனம் தட்டிக் கொடுக்கும் ஒரு சின்ன இடத்தில் வேலை கிடைத்தது. அங்கே விசைப்பலகை பழையது, நாற்காலி உடைந்தது.

ரக்கியா இரண்டு வாரம் பேசவில்லை. பிறகு ஒரு சனிக்கிழமை தானே வந்தாள். கையில் போர்வையால் சுற்றிய அந்தக் கம்ப்யூட்டர்.

"வா" என்றாள். "கடைக்குப் போகணும். எனக்கு அவனுங்க பாஷை புரியாது. நீ பேசு, நான் கத்துறேன்."

ஜெதிதால் கடையில் சனிக்கிழமைக் கூட்டம். ரக்கியா சொன்னபடியே செய்தாள். போர்வை மூட்டையை விற்பனை மேசையின் நடுவில் இறக்கி வைத்து, பிள்ளை பெறப் போன மகளின் கதையைக் கடை முழுக்கக் கேட்கும்படி ஆரம்பத்திலிருந்து சொன்னாள். மேகமூட்டம் வந்த இடத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள். முஷ்டியால் குத்திய இடத்தில் யாரும் சிரிக்கவில்லை. பழைய இயங்குதளத்தைப் போட்டுக் கொடுங்கள், இல்லையென்றால் நாங்கள் இங்கேதான் உட்காருவோம் என்றாள் அனார்குல். விற்பனைப் பையன் உள்ளே ஓடினான். எர்மெக் வந்தான். அவன் அவளை இப்போது அக்கா என்று கூப்பிடவில்லை.

"போட்டுக் குடுத்துடுப்பா" என்றான் பையனிடம். "சீக்கிரம் போட்டுக் குடு."

காத்திருந்தபோதுதான் அனார்குல் கண்ணாடிக் கதவில் ஒட்டியிருந்த புது விளம்பரத் தாளைப் பார்த்தாள். வெள்ளைத் தொப்பி அணிந்த ஒரு தாத்தா. இரண்டு கைகளையும் உயரே தூக்கி, வாயைத் திறந்திருக்கிறார். மேலே பெரிய எழுத்தில்: 'ராத்திரியெல்லாம் தூக்கமே வரல!'

அந்தத் தாத்தாவை அவளுக்குத் தெரியும். அதே கூடத்தில் இரண்டு திரை தள்ளி உட்கார்ந்திருந்தவர்.

"எர்மெக்" என்றாள். "இவரு என்ன சொன்னாரு?"

அவன் வேறு பக்கம் பார்த்தான்.

"தூக்கம் வரலைன்னு சொன்னாரு. ஏன் வரல? மிச்சத்தைச் சொல்லு. நீதானே பக்கத்துல நின்ன. மிச்சத்தைச் சொல்லுடா!"

"எனக்கும் மேல ஆளுங்க இருக்காங்க" என்றான் எர்மெக், மெல்ல. "நான் வெட்டலன்னா வேற ஒருத்தன் வெட்டுவான்."

பணப்பையைக் கையில் பிடித்தபடி நின்றிருந்த ஒரு பெண் இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏங்க, நல்லா இருக்காதா இது?" என்று கேட்டாள். "நான் இதை வாங்கத்தான் வந்தேன்."

அனார்குல் அவள் பக்கம் திரும்பினாள். அன்று கூடத்தில் சொன்னதை முதலிலிருந்து சொன்னாள். தோள்பட்டை, எழுத்து, மூட முடியாதது, எல்லாம். யாருக்கு ஆகும், யாருக்கு ஆகாது என்றும் சொன்னாள். ஒன்றையும் கூட்டவில்லை, ஒன்றையும் விடவில்லை. அந்தப் பெண் கடைசி வரை கேட்டாள். பிறகு பணப்பையைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு, "யோசிச்சுட்டு வர்றேன்" என்று போய்விட்டாள்.

இதற்கிடையே ரக்கியா கதவருகே போயிருந்தாள். விளம்பரத் தாளின் மேல் மூலையில் நகத்தை விட்டாள். எர்மெக் பார்த்துக்கொண்டே நின்றான். தாள் ஒரே இழுப்பில் வந்தது. அவள் அதை நாலாக மடித்துக் கோட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டாள்.

"இந்தத் தாத்தா எந்தப் பக்கத்துக்காரருன்னு விசாரி" என்றாள் அனார்குலிடம். "நாளைக்குப் போய்க் கேட்டுட்டு வருவோம்."

கம்ப்யூட்டர் தயாரானதும் இருவரும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கினார்கள். கனம் அதிகம். நீ சரியாகப் பிடிக்கவில்லை என்று ரக்கியா வழி நெடுகத் திட்டிக்கொண்டே வந்தாள்.